ரெங்கசாமி மேஸ்திரியின் மூலைமட்டம்

முப்பத்தொன்றாம் வருஷம். ரப்பர்த் தோட்டத்திலும் ரயில்வேயிலும் ஆள் குறைத்து, ஊரெல்லாம் வேலையில்லாத கைகளாக நிறைந்திருந்த காலம். அந்த வருஷத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில், ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெங்கசாமி மேஸ்திரி வீட்டு வாசலைக் கடந்து போவது லேசான காரியமில்லை. வாள், உளி, இழைப்புளி, சுத்தியல் என்று வழியெல்லாம் பரப்பிக்கொண்டு தச்சர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு முக்காலி. அதன்மேல் மேஸ்திரி.

விஷயம் இதுதான். கிள்ளானில் கட்டடக் கண்காணிப்பாளராக இருந்த தியாகராசா, யாழ்ப்பாணத்துக்காரர், பிரிக்பீல்ட்ஸில்தான் குடியிருந்தார். அவர் தச்சு வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். ஆயுதம் அவரவருடையதாக இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். கையில் இருந்ததை எல்லாம் விற்றுத் தின்றுவிட்டவர்கள், சீனன் கடையில் வந்து குவிந்திருந்த மலிவு விலைச் சப்பான் சாமான்களை வாங்கிக்கொண்டு வந்து நின்றார்கள். அதில் எது தேறும், எது தேறாது என்று பார்க்க தியாகராசாவுக்குப் பொறுமை இல்லை. “மேஸ்திரியார் பார்த்துச் சரி எண்டால் எனக்கும் சரி” என்று சொல்லி, எல்லாரையும் ரெங்கசாமி வாசலுக்கு அனுப்பிவிட்டார். ரயில்வண்டிப் பெட்டி கட்டும் பட்டறையில் தலைமைத் தச்சர் ரெங்கசாமி. அவர் வாய்ச்சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

மேஸ்திரி மோசமான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மலிவு என்பதற்காக ஒன்றையும் அவர் தள்ளியதில்லை. வாளின் நுனியைப் பிடித்து வளைத்து விடுவார். அது நேராகத் திரும்பி வந்து நின்றால் “எடுத்துக்க” என்பார். உளியைக் கெட்டி மரத்துண்டில் நாலு போடு போட்டு, கூர் மடங்கியிருக்கிறதா என்று நகத்தில் தேய்த்துப் பார்ப்பார். இழைப்புளியின் அடிப்பாகத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் நோக்குவார். ரசமட்டத்தை ஒருமுறை வைத்துப் பார்த்து, அதையே தலைமாற்றித் திருப்பி வைத்தும் பார்ப்பார். இரண்டு தடவையும் குமிழி ஒரே இடத்தில் நின்றால்தான் அது ரசமட்டம். “வெல கம்மிங்கறதுக்காக சாமான் கெட்டதாயிடுமா? சப்பான்காரனுக்கும் கை இருக்குதானே?” என்று சிரிக்கவும் செய்வார்.

மூலைமட்டம் என்று வந்தால் மட்டும் அவர் முகம் மாறிவிடும்.

மூலைமட்டம் தெரியும்தானே? மரக்கட்டையில் ஒரு எஃகுத் தகட்டைச் செங்குத்தாகப் பொருத்தியிருப்பார்கள். கதவோ ஜன்னலோ, மூலை சரியாக வந்திருக்கிறதா என்று அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். மேஸ்திரியிடம் ஒரு இங்கிலீஷ் மூலைமட்டம் இருந்தது. ஈட்டிமரக் கட்டை, அதன் விளிம்பில் பித்தளைத் தகடு, சேவல் முத்திரை. பட்டறையில் சேர்ந்த புதிதில், வேட்டி வாங்காமல் டீ குடிக்காமல் சேர்த்து வாங்கியது. இப்போது அது வேலைக்குப் போவதில்லை. பட்டறையில் எல்லாம் கம்பெனி ஆயுதம். அது சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதன் உள்மூலையில் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவார்கள். அவர் மனைவி சீதாலெட்சுமி பித்தளையைப் புளி போட்டுப் பளபளவென்று துலக்குவாள். ஆனால் “மூலையில கை வைக்காத, அது சாமி பொட்டு” என்று அவர் சொல்லியிருந்ததால் பொட்டை மட்டும் விட்டுவிடுவாள். போன வருஷத்துப் பொட்டின் மேலேயே இந்த வருஷத்துப் பொட்டும் ஏறும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அது மாடத்திலிருந்து இறங்கும். வந்தவனுடைய சப்பான் மட்டத்தின் வெளிமூலையை இதன் உள்மூலையில் பொருத்தி, இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இடையில் வெளிச்சம் தெரியாவிட்டால் தேறியது. தெரிந்தால் தேறவில்லை. என்ன அதிசயமோ, சப்பான் மட்டம் ஒன்றுகூடத் தேறியதில்லை. தேறாததை வெறுத்துப் போய் அங்கேயே போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. “எல்லாத்திலயும் சிக்கனம் பாரு, மட்டத்தில பாக்காத” என்று மேஸ்திரி உபதேசம் பண்ணுவார். இங்கிலீஷ் மட்டம் வந்தால் அவர் சோதித்துப் பார்ப்பதில்லை. முத்திரையைப் பார்த்தாலே அவருக்குப் போதும்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பாலனும் வந்தான். ரயில்வேயில் மேஸ்திரியோடு ஒரே பட்டறையில் நின்றவன்; வேலை போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. மற்றவர்களில் சிலர் கடைக்குப் போகும்போதே மேஸ்திரியைக் கையோடு கூட்டிப் போவார்கள். பாலன் கூப்பிடவில்லை. தானாகக் கிள்ளானுக்குப் போய், தானாகப் பார்த்து வாங்கி வந்திருந்தான். அதுவே மேஸ்திரிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தியது. போதாததற்கு, “இரும்பு இரும்புதானேண்ணே, இதுக்கு ஏன் மாசச் சம்பளத்தக் கொட்டணும்?” என்று பட்டறையில் எப்போதோ அவன் சொல்லிச் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

வாள் தேறியது. உளி தேறியது. இழைப்புளி நன்றாகவே இருந்தது. மேஸ்திரி அவன் கொண்டுவந்த மூலைமட்டத்தைக் கையில் எடுத்தார். தம் மட்டத்தில் பொருத்தித் தூக்கிப் பிடித்தார். கீற்றாக வெளிச்சம் தெரிந்தது.

“தேறாது.”

“அண்ணே, ஒரு பலகயில வச்சுக் கோடு போட்டு, திருப்பி வச்சு இன்னொரு கோடு போட்டுப் பாருங்களேன். ரெண்டும் ஒண்ணாச் சேந்தா மட்டம் சரிதானே?”

சொன்னதில் தப்பே இல்லை. தச்சுக் கற்றவன் எவனுக்கும் தெரிந்த சோதனைதான். ஆனால் பத்துப் பேர் பார்க்கிற இடத்தில், சாமி மாடத்திலிருந்து இறங்கிய மட்டத்துக்கு மேலே ஒரு சாட்சி கேட்கிறானே என்று மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஏண்டா, என் மட்டத்தையே சோதிக்கச் சொல்றியா?”

பாலன் அந்த இங்கிலீஷ் மட்டத்தைப் பார்த்தான். அதன் மூலையையே கொஞ்ச நேரம் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். திருட்டு முழி முழிக்கிறான் என்று மேஸ்திரி அப்போது நினைத்தார்.

“மட்டம் வாங்கத் தெரியாதவன் கதவு செய்யவா போறான்?” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பாலன் சாமான்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவனுக்குப் பிறகு வந்த வாசு என்ற தச்சனிடம் அப்பன் காலத்துச் சேவல் முத்திரை மட்டம் இருந்தது. மேஸ்திரி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தியாகராசா வாசுவை எடுத்துக்கொண்டார்.

ஆயுதம் தேறவில்லை என்றால் வேறு வாங்கலாம். ஆள் தேறவில்லை என்று பேர் வந்துவிட்டால் எந்தக் கடையில் போய் வாங்குவது? பாலனை அதற்கப்புறம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கொஞ்ச நாளில், சர்க்கார் செலவில் நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பும் கப்பலுக்கு அவன் பேர் கொடுத்துவிட்டான் என்று சீதாலெட்சுமி வந்து சொன்னாள்.

“அவன் பொஞ்சாதி நல்லம்மா இங்கயே பொறந்தவங்க. அந்த ஊரு எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது. அழுவுது பாவம். விஜயதசமியன்னிக்கு மத்தியானம் கப்பலாம்.”

“எல்லாம் அவனவன் எழுத்து” என்றார் மேஸ்திரி. அன்றைக்கு அவருக்குச் சோறு நன்றாகவே இறங்கியது.

ஆயுத பூஜை வந்தது. காலையில் சீதாலெட்சுமி கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து மட்டத்தைத் துலக்கிக்கொண்டிருந்தவள், திடீரென்று “ஐயோ” என்று கத்தினாள். மேஸ்திரி ஓடினார்.

“நான் தொடவே இல்லீங்க. துணி மாட்டிச்சு, இழுத்தேன். பொட்டு பேந்து வந்திருச்சு. நல்ல நாளும் அதுவுமா இப்படி ஆயிருச்சே!”

அவள் உள்ளங்கையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. பல வருஷத்துச் சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் இறுகி, ஈட்டிமர நிறத்திலேயே கறுத்துக் கல்லாகியிருந்தது. மேஸ்திரி முதலில் சகுனத்தை நினைத்துத்தான் பதறினார். பிறகு மட்டத்தைக் கையில் வாங்கி அந்த மூலையைப் பார்த்தார். காலியாக, சுத்தமாக இருந்தது. அங்கே இத்தனை நாள் ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது என்றால், அதற்குள் இன்னொரு மட்டத்தின் மூலை எப்படிப் போய்ப் பொருந்தும்?



வெறுத்துப் போய் ஆட்கள் போட்டுவிட்டுப் போன சப்பான் மட்டங்கள் கொல்லையில் ஒரு பழைய டின்னில் கிடந்தன. எடுத்து வந்தார். ஒன்றைப் பொருத்தி வெளிச்சத்தில் பிடித்தார். இருட்டாக இருந்தது, ஒரு கீற்றுகூட இல்லை. இரண்டாவதைப் பொருத்தினார். அதுவும் அப்படியே. மூன்றாவதில் வெளிச்சம் தெரிந்தது. பலகை எடுத்துப் போட்டுக் கோடு இழுத்தார், திருப்பி வைத்து இழுத்தார். முதல் இரண்டும் சத்தியமாகச் சரி. மூன்றாவது மட்டும் மெய்யாகவே கோணல். மலிவுச் சாமான் என்றால் இப்படித்தான் இருக்கும்: சிலது சரி, சிலது தப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருப்பிப் பார்த்தால் ஒழியச் சொல்ல முடியாது. இது அவருக்குத் தெரியாதா என்ன? ரசமட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மனுஷன்தானே.

யார் யாருடைய முகமோ நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் விடப் பாலன் முகம். உடனே மனசு ஒரு பொந்தைத் தேடிக் கண்டுபிடித்தது. மூன்றில் ஒன்று கோணல் இல்லையா? பாலனுடையது அந்தக் கோணல் ரகமாக ஏன் இருக்கக் கூடாது? இருக்கும், அப்படித்தான் இருக்கும். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு அவர் குளிக்கப் போனார்.

தியாகராசா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘நாளும் கிழமையுமா இதைப் போய்ச் சொல்வதா? மட்டம் சாமிகிட்ட ஏறப்போகிறது. நாளைக்குப் பூஜை முடிந்து இறக்கினதும் பார்த்துக்கொள்வோம்’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பக்தி இவ்வளவு சௌகரியமாக அவருக்கு என்றைக்கும் உதவியதில்லை.

சாயங்காலம் தியாகராசாவே பூஜைக்கு வந்துவிட்டார். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார். மாடத்தில் புதுப் பொட்டோடு இருந்த மட்டத்தைப் பார்த்து, சுற்றியிருந்தவர்களிடம், “இந்த மனுசன் இல்லாட்டில் நான் என்ன பாடு பட்டிருப்பன். கண்ணைக் கட்டிக்கொண்டு இவற்ற சொல்லை நம்பலாம்” என்றார்.

சொல்லிவிடலாம் என்று மேஸ்திரி வாயெடுத்தார். ‘ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சு.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சுற்றிலும் பார்த்தார். இந்த வாசலில் வந்து கைகட்டி நின்ற தச்சர்கள் எல்லாம் அங்கேதான் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். சொன்னால் நாளையிலிருந்து இந்த முக்காலிக்கு என்ன மதிப்பு?

“இன்னும் கொஞ்சம் சுண்டல் வைக்கட்டுங்களா?” என்று கேட்டார்.

மறுநாள் விஜயதசமி. பூஜை முடிந்தும் முடியாததுமாக மட்டத்தை இறக்கி, புதுப் பொட்டைத் துடைத்து, துண்டில் சுற்றிக்கொண்டு ரயில் ஏறினார். பாலனுக்கு அதைக் கொடுத்துவிடுவது என்று தீர்மானம். உயிரைப் போல வைத்திருந்த பொருளைக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடாதா? எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. வழியெல்லாம் இந்த யோசனை அவருக்குத் தெம்பாகத்தான் இருந்தது. கிள்ளானைத் தாண்டி உப்புக்காற்று முகத்தில் அடித்ததும் தெம்பு குறைந்தது.

துறைமுகத்தில், ஊருக்குத் திரும்புகிறவர்களை உட்கார வைத்திருந்த தகரக் கொட்டகைக்குள் மூட்டை முடிச்சுகளும் குழந்தைகளின் அழுகையுமாக இருந்தது. ஓர் ஓரத்தில் ஆயுதப் பெட்டியின் மேல் பாலன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நல்லம்மாள், தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு. மேஸ்திரியைப் பார்த்ததும் பாலன் எழுந்து நின்றான்.

“வாங்கண்ணே. இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீங்க?”

மேஸ்திரி துண்டைப் பிரித்து மட்டத்தை நீட்டினார். “இத நீ வச்சுக்க. ஊருல போயி வேல பாக்க ஆவும்.”

பாலன் கையை நீட்டவில்லை. “எனக்கு எதுக்குண்ணே? என்கிட்டதான் மட்டம் இருக்கே.”

“அது... அது தேறாதுன்னு...”

பாலன் குனிந்து பெட்டியைத் திறந்தான். மூடியின் உள்பக்கத்தைக் காட்டினான். வெள்ளை மரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கோடு இருந்தது.

“அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் போட்டேன். ஒரு கோடு இல்லண்ணே, ரெண்டு. ஒருதரம் போட்டு, மட்டத்தத் திருப்பிப் போட்டு, மறுதரம் போட்டது.”

மேஸ்திரி குனிந்து பார்த்தார். எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒரு கோடுதான் தெரிந்தது. நேற்றிலிருந்து பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒற்றைப் பொந்தும் அடைபட்டுப் போயிற்று.

“மூலையில சந்தனம் இருந்திச்சுப்பா. நேத்துத்தான் பாத்தேன்” என்றார்.

“நான் அன்னிக்கே பாத்தேண்ணே.”

“பாத்தியா? பாத்துட்டு ஏண்டா சொல்லல?”

“பத்துப் பேருக்கு முன்னாடி, உங்க சாமி பொட்ட சுரண்டிட்டுப் பாருங்கன்னு எந்த வாயால சொல்றது? பலகயில போட்டுப் பாப்பீங்கன்னு நெனச்சேன். கேட்டும் பாத்தேன்.” பாலன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் மேஸ்திரிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

நல்லம்மாள் முக்காட்டை விலக்கி நிமிர்ந்தாள். அவள் கண்ணில் சட்டென்று ஒரு வெளிச்சம்.

“அப்ப தியாகராசா ஐயாகிட்ட சொல்லிட்டீங்களாண்ணே? வேல இருக்காமா? வேல இருக்குன்னா இப்பவே மூட்டயத் தூக்கிட்டு வந்துருவோம். பேரு இன்னும் கூப்பிடல!”

மேஸ்திரி மட்டத்தைத் திரும்பத் துண்டில் சுற்ற ஆரம்பித்தார். அவள் பாலனைப் பார்த்தாள், மறுபடியும் மேஸ்திரியைப் பார்த்தாள்.

“நேத்துத்தான் பாத்தேன்னு சொன்னீங்களே?”

“இனிமேத்தான்... போயி... சொல்லணும்.”

நல்லம்மாள் மெல்ல முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். பாலன் பெட்டியை மூடினான். “பரவால்லண்ணே. நீங்க ரயிலுக்குக் கெளம்புங்க” என்றான். கொட்டகை வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் பேர் கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

மேஸ்திரி பிரிக்பீல்ட்ஸ் வந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே தியாகராசா வீட்டுக்குப் போனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சந்தனம், பாலன், பெட்டி மூடி, எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, வருகிற இடி வரட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

தியாகராசா சாய்வு நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார். அவ்வளவுதான்.

“இதுக்கே இப்பிடி நடுங்குறீங்கள்? மனுசனுக்குப் பிழை வாறதுதானே. இனிமேல் சந்தனத்தைச் சுரண்டிப்போட்டுப் பாருங்கோ. வாற ஞாயிற்றுக்கிழமை நாலு பேரை அனுப்புறன்.”

“அப்ப நான் பாக்கலாமுங்களா?”

“வேற ஆர் பாக்கிறது?” தியாகராசா வெற்றிலையை மடித்தார். மடித்தபடியே சாதாரணமாகச் சொன்னார்: “ஆனால் மேஸ்திரியார், நேற்று உங்கட வீட்டில சுண்டல் சாப்பிடேக்கையே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். ஒரு தச்சன் காய்ச்சலில விழுந்து, இடம் ஒண்டு சும்மா கிடந்தது. இண்டைக்குக் காலமைதான் ஒரு சீனனைப் போட்டனான்.”

மேஸ்திரி தெருவுக்கு வந்தார். எந்த மதிப்புப் போய்விடும் என்று பயந்து நேற்று வாயை மூடிக்கொண்டிருந்தாரோ, அது ஒரு குறைவும் இல்லாமல் அவரிடமே இருந்தது. முக்காலி இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இருந்தது. பாலனும் நல்லம்மாளும்தான் இல்லை. தெருவில் நடக்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டு வாசலில் சீதாலெட்சுமி சந்தனக் கிண்ணத்தோடு காத்துக்கொண்டிருந்தாள்.

“எங்க தூக்கிட்டுப் போனீங்க? நல்ல நேரம் போவுது. மட்டத்தக் குடுங்க, பொட்டு வச்சு மாடத்தில ஏத்திடறேன்.”

“பொட்டு வேணாம்.”

“ஏன்?”

அவர் மட்டத்தைத் துண்டோடு முக்காலியின் மேல் வைத்தார். பதில் சொல்ல வாயைத் திறந்து, பாலன் மூடிக்கொண்டதைப் போலவே மூடிக்கொண்டார். ஒரே கோடாகத் தெரிந்த அந்த இரண்டு கோடுகளும் இந்நேரம் கடலில் போய்க்கொண்டிருந்தன.